எடுத்த முடிவுக்குப் பலன் உண்டா? பழைய கணினி ஆர்பிஜிகளில் எங்கே தொடங்கலாம்

கேள்வி இதுதான்: "சமீபத்தில் வந்த பெரிய ரோல்-பிளேயிங் கேம்கள் (ஆர்பிஜி) சிலவற்றை முடித்துவிட்டேன். உரையாடலில் நான்கு பதில் கொடுக்கிறார்கள், எதைத் தேர்ந்தாலும் கதை அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. பழைய கணினி ஆர்பிஜிகளில் நாம் எடுக்கும் முடிவுக்கு உண்மையாகவே மதிப்பு உண்டு என்கிறார்கள். கிராபிக்ஸ் பழசாக இருந்தாலும் பரவாயில்லை. எதில் தொடங்குவது?"

அவசரம் என்றால் இவ்வளவு போதும்: 1997-இல் வந்த முதல் ஃபால்அவுட்டை எடுங்கள். அடுத்து பிளேன்ஸ்கேப்: டார்மென்ட். அப்புறம் ஃபால்அவுட்: நியூ வேகாஸ். நேரம் இருந்தால் ஏன் இவை என்பதையும், இவற்றுக்குப் பிறகு எங்கே போகலாம் என்பதையும் படியுங்கள். கதையின் பெரிய திருப்பங்களைச் சொல்லாமல் பார்த்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு வேண்டுகோள். எத்தனை எண்டிங் இருக்கிறது என்பதை வைத்து ஒரு கேமை எடைபோடாதீர்கள். பத்து எண்டிங் வைத்திருக்கும் கேம்கூட, கடைசி அறையில் இரண்டு மூன்று வழியைக் காட்டி, எது வேண்டும் என்று கேட்டு முடித்துவிடலாம். அதற்கு முன்னால் ஓடிய ஐம்பது மணி நேரத்துக்கும் அந்த முடிவுக்கும் ஒட்டே இருக்காது. நான் வேறு மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். நான் உருவாக்கிய கேரக்டர் எப்படிப்பட்டவர் என்று அந்த உலகத்துக்குத் தெரிகிறதா? பல மணி நேரத்துக்கு முன்னால் நான் செய்ததை யாராவது நினைவில் வைத்திருக்கிறார்களா? ஒன்றைத் தேர்ந்ததால் இன்னொன்று கைவிட்டுப் போகிறதா?

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் மிகப் பழையது. 1985-இல் ரிச்சர்ட் காரியட் உருவாக்கிய அல்டிமா 4. அதில் மந்திரம் செய்யத் தேவையான பொருட்களை விற்பவருக்குக் கண் தெரியாது. எவ்வளவு வேண்டும் என்று கேட்டு, விலையையும் சொல்லிவிடுவார். பணத்தை நீங்கள்தான் எண்ணி வைக்க வேண்டும். எவ்வளவு வைக்கிறோம் என்று விசைப்பலகையில் நாமே தட்ட வேண்டும். எழுபது கேட்ட இடத்தில் ஒன்று என்று தட்டினாலும் சரக்கு கைக்கு வந்துவிடும். யாரும் தடுக்கமாட்டார்கள், திரையில் எச்சரிக்கையும் வராது. ஆனால் உள்ளே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்று எட்டு நற்பண்புகளிலும் தேறினால்தான் அந்தக் கேமை முடிக்க முடியும். வீழ்த்த வேண்டிய வில்லன் என்று அதில் யாருமே கிடையாது. "இதோ, இது ஒரு முக்கியமான முடிவு" என்று கேம் சொல்லாத இடத்தில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதை அது பார்த்துக்கொண்டிருந்தது. நாற்பது ஆண்டு கழிந்தும் இதைச் செய்யும் கேம்கள் குறைவுதான். இன்று அதை விளையாட நிறையப் பொறுமை வேண்டும், கையேட்டைப் படித்தே ஆக வேண்டும். அதனால் முதல் கேமாக அதைச் சொல்லமாட்டேன். ஆர்வம் வந்தால் கேம்களை விற்கும் ஜிஓஜி தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

சரி, ஃபால்அவுட்டுக்கு வருவோம். அணுப்போர் முடிந்து பல பத்தாண்டுகளாகப் பூமிக்கு அடியில் வாழும் ஒரு கூட்டம். தண்ணீரைச் சுத்திகரிக்கும் எந்திரத்தின் சிப் கெட்டுப்போகிறது. புதிது தேடிக் கொண்டுவர உங்களை வெளியே அனுப்புகிறார்கள். கெடு 150 நாள். அது வெறும் பேச்சுக்குச் சொல்லும் கெடு இல்லை. தாண்டினால் ஆட்டம் முடிந்தது. ஹப் என்ற வணிக நகரத்தில் தண்ணீர் வியாபாரிகளுக்குப் பணம் கொடுத்தால் உங்கள் ஆட்களுக்குத் தண்ணீர் அனுப்புவார்கள். 100 நாள் கூடுதலாகக் கிடைக்கும். நல்ல யோசனை என்றுதான் தோன்றும். ஆனால் இதுவரை யாருக்கும் தெரியாமல் இருந்த ஓர் இடத்துக்கு இப்போது வண்டிகள் போய்வருகின்றன. அந்த இடத்தைத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கும் அது வழிகாட்டிவிடும். முதலில் வெளியான பதிப்பில் இதனால் எதிரிகள் சீக்கிரமே வந்துவிடுவார்கள். பிறகு வந்த பேட்ச் (திருத்தக் கோப்பு), எதிரிகள் வந்து சேரும் அந்த இரண்டாவது கெடுவைப் பெரிதும் தளர்த்திவிட்டது. எனக்கு அந்தப் பழைய இறுக்கம்தான் பிடிக்கும்.

கேரக்டர் உருவாக்கும்போதே பாதை பிரிய ஆரம்பிக்கிறது. அறிவு என்ற பண்பை 3 அல்லது அதற்குக் கீழே வைத்துப் பாருங்கள். உங்கள் ஆளால் கோவையாக ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாது. ஊர்க்காரர்கள் பரிதாபப்படுவார்கள், எரிச்சல்படுவார்கள், பல வேலைகளைத் தரவே மாட்டார்கள். இதற்கு நேர் எதிராக, பேச்சுத் திறமையையும் அறிவையும் உயர்த்திக்கொண்டு போனால் கடைசி எதிரியை ஒரு குண்டும் செலவழிக்காமல் வெல்லலாம். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், வாய்ச்சாலகம் மட்டும் அங்கே செல்லாது என்பது. அந்த எதிரி ஒரு கொள்கைக்காரர்; தான் செய்வது மனித குலத்துக்கு நல்லது என்று மனதார நம்புகிறவர். அந்த நம்பிக்கையை உடைக்கும் சான்று ஒன்று வேறோர் இடத்தில், வேறொருவர் செய்த ஆய்வில் இருக்கிறது. நீங்கள் அங்கே போய், ஆட்களோடு பேசி, அதைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். அதாவது கடைசி அறையில் எடுக்கும் முடிவுக்கான விதையை எப்போதோ போட்டிருக்க வேண்டும்.

இதே கேமில் ஜங்க்டவுன் என்று ஒரு சின்ன ஊர். சட்டத்தைக் காப்பவர் கில்லியன். சூதாட்ட விடுதி நடத்துபவர் கிஸ்மோ. ஒருவர் இன்னொருவரைத் தீர்த்துக்கட்டப் பார்க்கிறார், உங்கள் உதவி கேட்கிறார். கேம் முடியும்போது ஒவ்வோர் ஊரும் என்ன ஆனது என்று படம் போட்டுச் சொல்வார்கள். முதலில் திட்டமிட்டபடி, கிஸ்மோ ஜெயித்தால் ஊர் வணிகத்தில் செழிக்கும், கில்லியனின் கண்டிப்பான ஆட்சியில் தேங்கிப்போகும் என்று வைத்திருந்தார்கள். வெளியாகும் முன் அதை மாற்றிவிட்டார்கள். நல்லவருக்கு உதவினால் நல்ல முடிவு என்று ஆகிவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். 2009-இல் வந்த டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் அதைத் துணிந்து செய்தது. ஆர்சமார் என்ற குள்ளர் நகரத்துக்கு யார் அரசர் ஆவது என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டும். ஹாரோமான்ட் பண்பானவர், சொன்ன சொல் தவறாதவர். ஆனால் பழைய வழக்கங்களை விட்டு அசையமாட்டார். பேலன் சூழ்ச்சிக்காரன், கையில் இரத்தக்கறை உள்ளவன். எல்லாரும் முதல்முறை ஹாரோமான்டைத்தான் தேர்வார்கள் என்று நினைக்கிறேன், நானும் அப்படித்தான். கடைசியில் பார்த்தால் அவர் ஆட்சியில் நகரம் கதவைச் சாத்திக்கொண்டு, கீழ்நிலையில் இருந்தவர்களை இன்னும் நசுக்குகிறது. பேலன் சர்வாதிகாரிதான், ஆனால் வெளியுலக வணிகத்தைத் திறந்து, சாதி அடுக்கைத் தளர்த்துகிறான். ஆளைப் பார்த்து ஓட்டுப் போட்டவன் ஆட்சியைப் பார்த்துத் திகைத்து நிற்கும் அந்த நிமிடத்துக்காகவே அந்தக் கேமையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிளேன்ஸ்கேப்: டார்மென்ட் 1999-இல் வந்தது. கிறிஸ் அவலோன் தலைமையில் உருவானது. உங்கள் கேரக்டர் பிணவறை மேசையில் கண் விழிக்கிறான். பெயர் நினைவில்லை, உடம்பெல்லாம் தழும்பு, சாக முடியாது. பக்கத்தில் மிதக்கும் ஒரு மண்டையோடு பேச்சுக் கொடுக்கிறது. இதற்கு முன் எத்தனையோ வாழ்க்கை வாழ்ந்திருக்கிறான், ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஆளாக. போகிற இடமெல்லாம் அவனை நேசித்தவர்களும் அவனால் சீரழிந்தவர்களும் எதிர்ப்படுகிறார்கள். எடுத்த முடிவுக்குப் பலன் உண்டா என்று கேட்டீர்களே, இங்கே கதையே அதுதான்: எடுத்தது நினைவில்லை, பலன் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது.

அதில் ஒரு சின்ன நுட்பத்தைக் காட்டுகிறேன். உரையாடலில் சில சமயம் ஒரே வாக்கியம் இரண்டு முறை இருக்கும். ஒன்றின் முன்னால் 'உண்மை' என்று போட்டிருக்கும், மற்றதன் முன்னால் 'பொய்'. "உனக்கு உதவுகிறேன்" என்பதை மனதோடு சொல்கிறீர்களா, ஏமாற்றச் சொல்கிறீர்களா? எதிரே இருப்பவர் காதில் விழுவது ஒரே சொல்தான். ஆனால் உங்கள் குணம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது அதில் மாறும். தொடக்கத்தில் நடுநிலையில் நிற்கும் கேரக்டர் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக நல்லவனாகவோ கெட்டவனாகவோ ஆகிறான். இன்னொன்று. பெயர் தெரியாதவன் அல்லவா, யாராவது கேட்டால் அடான் என்று ஒரு பொய்ப் பெயரைச் சொல்லலாம். போகிற இடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருங்கள். நம்பிக்கையே உலகத்தை வடிவமைக்கும் ஊர் அது. போதுமான பேர் நம்பிவிட்டால், ஒருநாள் மதுக்கடையில் அடான் என்ற ஆள் நிஜமாகவே உட்கார்ந்திருப்பார். செய்ய வேண்டிய பணிகளைக் காட்டும் எந்தக் குவெஸ்ட் பட்டியலும் இதை உங்களுக்குச் சொல்லாது. முதல்முறை அவரைப் பார்த்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தது இன்னும் நினைவிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: இதில் படிக்க வேண்டியது மிக அதிகம், சண்டைப் பகுதி சுமார்தான். சண்டைக்காக வருபவர்களுக்கு இது ஏற்ற கேம் இல்லை. கேரக்டர் உருவாக்கும்போது ஞானம், அறிவு, கவர்ச்சி ஆகிய மூன்றிலும் புள்ளிகளைப் போடுங்கள், குறிப்பாக ஞானத்தில். இழந்த நினைவுகள் பலவும் அதன் வழியாகத்தான் திரும்பக் கிடைக்கும். 2017-இல் வந்த மேம்படுத்திய பதிப்பு இன்றைய திரைகளில் சிக்கல் இல்லாமல் ஓடுகிறது.

ஃபால்அவுட்டை உருவாக்கியவர்களில் டிம் கெய்ன், லெனார்ட் போயார்ஸ்கி, ஜேசன் ஆண்டர்சன் ஆகிய மூவரும் வெளியே வந்து ட்ராய்க்கா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மூன்றே கேம்தான் வெளியிட்டார்கள், 2005-இல் மூடிவிட்டார்கள். அந்த மூன்றில் இரண்டு உங்களுக்கு வேண்டும்.

ஆர்க்கேனம் 2001-இல் வந்தது. நீராவி எந்திரங்கள் பரவிக்கொண்டிருக்கும் ஒரு மந்திர உலகம். மந்திரமும் தொழில்நுட்பமும் ஒன்றையொன்று கெடுக்கும் என்பது அதன் அடிப்படை விதி. அந்த விதியை எவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றால், நீங்கள் துப்பாக்கி, கருவி என்று எந்திரப் பக்கம் முழுக்கச் சாய்ந்துவிட்டால், கூட வரும் நண்பர் மந்திரத்தால் உங்கள் காயத்தை ஆற்றப் பார்த்தாலும் அது சரியாக வேலை செய்யாது. அவர் அக்கறையோடுதான் முயல்கிறார். நீங்கள் ஆன ஆள் அப்படி. எந்த இனத்தில் பிறந்தீர்கள் என்பதைப் பொறுத்து மக்கள் உங்களிடம் பேசும் விதமே மாறும். சண்டை மட்டும் சமநிலை இல்லாதது; மந்திரக்காரருக்கு மிக எளிது, மற்றவர்களுக்கு ஆரம்பத்தில் கடினம். ஒருவர் பின் ஒருவராக முறை வைத்து அடிக்கும் சண்டை வகையைத் தேர்ந்துகொள்ளுங்கள், கொஞ்சம் தாங்கும்.

வேம்பயர்: தி மாஸ்கரேட் – பிளட்லைன்ஸ் 2004 நவம்பரில், ஹாஃப்-லைஃப் 2 என்ற பெரிய கேம் வெளியான அதே நாளில் வந்து, அதன் நிழலில் மறைந்துபோன கேம். இதில் நீங்கள் ஒரு இரத்தக் காட்டேரி. எந்தக் குலம் என்பது வெறும் எண்கள் இல்லை. நாஸ்ஃபெராட்டு குலத்தில் பிறந்தால் உங்கள் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் மனிதர்கள் அலறுவார்கள். அதனால் தெருவில் நடமாட முடியாது. சாக்கடை வழியாகத்தான் ஊரைச் சுற்ற வேண்டும். மால்கேவியன் குலமென்றால் புத்தி பேதலித்த ஆள். மொத்த கேமுக்கும் உங்கள் உரையாடல் தனியாக எழுதப்பட்டிருக்கும். ஆரம்பத்தில் ஒரு மருத்துவமனையில் ஒரு பெண் இரத்தம் கொட்டிச் செத்துக்கொண்டிருப்பாள். உங்கள் இரத்தத்தைக் கொடுத்தால் பிழைப்பாள். கொடுத்துவிட்டு மறந்துவிடுவீர்கள். அவள் மறக்கமாட்டாள், திரும்பி வருவாள். அன்று செய்தது உதவியா, வேறு ஏதாவதா என்ற கேள்வியும் கூடவே வரும். ரசிகர்களின் பேட்ச் இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம். ஜிஓஜி பதிப்பில் அது சேர்ந்தே வருகிறது. கடைசிப் பகுதியில் சண்டை மிக அதிகம். எனவே பேச்சுத் திறமையை மட்டும் வளர்த்துக்கொண்டு போகாதீர்கள்.

மற்ற சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மோரோவிண்ட் (2002): கதைக்கு அவசியமான ஆளைக்கூடக் கொல்லலாம். தீர்க்கதரிசனத்தின் இழை அறுந்துவிட்டது என்று ஒரு செய்தி வரும், அவ்வளவுதான், உங்களை விட்டுவிடும். ஜீன்ஃபோர்ஜ் (2001): ஜெஃப் வோகலின் மிகச் சிறிய நிறுவனம் செய்தது. வழியெங்கும் குப்பிகள் கிடைக்கும். பயன்படுத்தினால் சக்தி உடனே கூடும். ஆனால் தொடர்ந்து பயன்படுத்தினால் உங்கள் கேரக்டர் மெல்ல மெல்ல ஆணவமும் முன்கோபமும் உள்ளவராக மாறுவதை உரையாடலிலேயே பார்ப்பீர்கள். 2021-இல் அதை மறுஆக்கமாகவும் வெளியிட்டார்கள், அதையே எடுங்கள்.

நைட்ஸ் ஆஃப் தி ஓல்டு ரிபப்ளிக் 2 (2004) அவசரத்தில் முடிக்கப்பட்டது, தொடக்கம் இழுக்கும், விடுபட்ட பகுதிகளை ரசிகர்கள் மீட்டுச் சேர்த்த கூடுதல் தொகுப்பு (மாட்) கட்டாயம் வேண்டும். இத்தனை குறை இருந்தும் நான் அதை விடமாட்டேன், கிரேயா என்ற கிழவிக்காக. நார் ஷட்டா என்ற இடத்தில் ஒரு பிச்சைக்காரர் கை நீட்டுகிறார். காசு கொடுத்தால், அந்தக் காசுக்காகவே அவரை இன்னொருவர் அடித்துப் போடுவதைக் கிரேயா காட்டுகிறார். விரட்டிவிட்டால், அவர் அந்தக் கசப்பில் வேறொருவர்மேல் பாய்வதைக் காட்டுகிறார். நல்லது செய்தால் நல்ல புள்ளி, கெட்டது செய்தால் கெட்ட புள்ளி என்று ஓடிய ஒரு கேம் வரிசைக்குள்ளேயே அந்தக் கணக்கைக் கேள்வி கேட்கும் ஒருத்தி.

பால்டர்ஸ் கேட் 2 (2000) எங்கே என்று கேட்பீர்கள். அருமையான கேம், சண்டைக்கும் கூட்டாளிகளுக்கும் அதற்கு ஈடு குறைவு. ஆனால் நீங்கள் கேட்டது வேறு. திருடர் கூட்டமா, அவர்களின் எதிரியா என்று பெரிய தேர்வு ஒன்று வருகிறது. எந்தப் பக்கம் போனாலும் அதே தீவுக்குத்தான் கப்பல் ஏறுவீர்கள்.

பலன் தாமதமாக வருவது ஏன் முக்கியம் என்பதற்கு தி விட்சர் (2007) நல்ல பாடம். முதல் அத்தியாயத்தில் ஆற்றங்கரையில் ஒருவரின் சரக்குக்கு இரவுக் காவல் இருக்கிறீர்கள். எல்ஃப் போராளிகள் வந்து அது தங்களுடையது என்கிறார்கள். கொடுப்பதா, வாளை உருவுவதா? கொடுத்துவிட்டால் எதுவும் நடக்காது. பல மணி நேரம் கழித்து அடுத்த அத்தியாயத்தில், உங்களுக்குத் தகவல் சொல்லியிருக்கக்கூடிய ஒரு ஆள் அம்பு தைத்துச் செத்துக் கிடக்கிறார். அதற்குள் பழைய சேவ் எல்லாம் எங்கேயோ போயிருக்கும். திரும்பிப் போய் மாற்ற மனம் வராது. அதைத்தான் அவர்கள் எண்ணிச் செய்திருக்கிறார்கள். 2011-இல் வந்த இரண்டாம் பாகம் இன்னும் துணிச்சலானது: முதல் அத்தியாய முடிவில் யாரோடு போகிறீர்களோ அதைப் பொறுத்து, இரண்டாம் அத்தியாயம் வேறோர் இடத்தில், வேறு ஆட்களோடு நடக்கும். கேமின் ஒரு பெரிய பகுதியை ஒருமுறை மட்டும் விளையாடுபவர் பார்க்கவே மாட்டார்.

இனி நியூ வேகாஸ், 2010. ஹூவர் அணைக்காகப் பல தரப்பு மோதுகிறது. எந்தப் பக்கமும் சேரலாம், எல்லாரையும் ஒதுக்கிவிட்டுத் தனியாகவும் நிற்கலாம். அந்தப் பெரிய அரசியலைவிட ஒரு சின்ன இரவைச் சொல்கிறேன். நோவாக் என்ற ஊரில் ஒரு பெரிய டைனோசர் சிலை. அதன் வாய்க்குள் துப்பாக்கியோடு இரவுக் காவல் இருப்பவர் பூன். அவர் மனைவியை ஊர்க்காரர் யாரோ அடிமை வியாபாரிகளுக்கு விற்றுவிட்டார்கள். யார் என்று கண்டுபிடித்து, இரவில் சிலைக்கு முன்னால் கூட்டிவந்து, தன் தொப்பியை நீங்கள் போட்டுக்கொண்டால் போதும் என்கிறார். குறிகாட்டும் அம்பு எதுவும் கிடையாது. நான் முதல்முறை ஊரில் நாலு பேரிடம் பேசிவிட்டு, ஒருவர் பேச்சு பிடிக்காமல் போனதால் அவரையே கூட்டிப் போனேன். தொப்பியைப் போட்டேன். வெடிச்சத்தம் கேட்டது. பிற்பாடு அந்த ஊரிலேயே ஒரு பெட்டகத்தில் விற்பனைச் சீட்டு இருப்பதைப் பார்த்தேன். அதில் வேறு பெயர் இருந்தது. கேம் என்னைத் திட்டவில்லை. அந்த ஆளின் வீடு காலியாக இருந்தது, அவ்வளவே.

இவற்றை எல்லாம் விளையாடும்போது ஒன்றை மட்டும் பழகிக்கொள்ளுங்கள். தவறான முடிவு எடுத்துவிட்டோம் என்று தோன்றியதும் பழைய சேவுக்குத் தாவாதீர்கள். செத்துப்போனாலோ, கேம் உறைந்துபோனாலோ மட்டும் லோட் செய்யுங்கள். இணையத்தில் வழிகாட்டி படிப்பதையும் முதல் சுற்றில் தவிர்த்துவிடுங்கள். ஃபால்அவுட், ஆர்க்கேனம் இரண்டுக்கும் கையேட்டைப் படிப்பது அவசியம். விதிகள் கேமுக்குள் முழுதாகச் சொல்லப்படவில்லை. பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும், பெயர்களைக் குறித்துக்கொள்ள.

ஃபால்அவுட்டை முதலில் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் முதலில் போய்ச் சேரும் ஊர் ஷேடி சாண்ட்ஸ்: சில மண் வீடுகள், கொஞ்சம் பயிர். ஊர்த் தலைவரின் மகள் டாண்டியைக் கொள்ளைக்காரர்கள் கடத்திவிடுவார்கள். சண்டை போட்டு மீட்கலாம், விலை பேசி மீட்கலாம், தலைவனைத் தனியாகச் சண்டைக்கு அழைக்கலாம், இருட்டில் பதுங்கிப் போகலாம். இரண்டாம் பாகத்தில் (1998) அந்த மண் வீட்டு ஊர் ஒரு குடியரசின் தலைநகராக வளர்ந்திருக்கும். வயதான டாண்டி அதன் அதிபராக இருப்பார். நியூ வேகாஸில் அணையைப் பிடிக்க வரும் படை அந்தக் குடியரசின் படைதான். அந்தச் சிப்பாய்களை எதிர்த்துச் சுடுவதா, அவர்களோடு நிற்பதா என்று தயங்கும்போது, அந்த மண் வீடுகள் உங்களுக்கு நினைவில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அறிவு, சுறுசுறுப்பு இரண்டையும் உயர்த்தி, பேச்சையும் சிறு துப்பாக்கியையும் முக்கியத் திறமைகளாகக் குறித்துக்கொண்டு தொடங்குங்கள். டாண்டியை எப்படி மீட்டீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்.